சர்க்கரை இல்லா இனிப்பு: பெயரும் பொருளும்

தீபாவளி, பொங்கல் முதலிய பண்டிகை நாட்களில் நமது கூட்டுறவுப் பண்டகசாலைகளில் இனிப்புப் பண்டங்கள் மிகுதியாக விற்பனையாகின்றன. அண்மைக் காலத்தில், ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று அச்சிட்ட பெட்டிகளும் அவற்றின் நடுவே இடம் பெற்றுவிட்டன. நீரிழிவு நோயுள்ள அங்கத்தினர் ஒருவர் அப்பெட்டியைக் கையிலெடுத்து, “இதை நான் தாராளமாக உண்ணலாமா?” என்று கேட்பாராயின், விற்பனையாளர் என்ன விடை கூறுவார்? “சர்க்கரை இல்லை என்று போட்டிருக்கிறதே, உண்ணலாம்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடையில் பொய் இல்லை. ஆனால் உண்மையில் பாதியே இருக்கிறது. மறுபாதியை அறியாத அங்கத்தினர் தம் உடல்நலத்தையே இழக்க நேரிடலாம்.

நம் நாட்டில் சுமார் 10 கோடி மக்கள் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நெசவாளர் குடும்பமாயினும் உழவர் குடும்பமாயினும், இந்நோயாளர் ஒருவரேனும் இல்லாத தெரு இன்று அரிது. ஆகவே, அப்பெட்டிகளில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் பொருள் யாது, அதன் குணம் என்ன, அதை எவ்வளவு உண்ணலாம் என்பவற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அவை யாவை?

இப்பொருள்களுக்குச் ‘சர்க்கரை ஆல்கஹால்கள்’ என்று பெயர். ‘பாலியால்கள்’ என்றும் கூறுவர். பெயரைக் கேட்டு மதுவிலக்குக் கொள்கையுடைய அன்பர்கள் அஞ்சவேண்டியதில்லை. இவற்றில் போதை தரும் சாராயம் அணுவளவும் இல்லை. ஆல்கஹால் என்பது இரசாயன நூலார் ஒரு பெரிய குடும்பத்திற்கு இட்ட பெயர். போதை தரும் எதில் ஆல்கஹால் அக்குடும்பத்தில் ஓர் உறுப்பு. சோப்புத் தொழிலில் கிடைக்கும் கிளிசரின் மற்றோர் உறுப்பு. நாம் கூறும் இனிப்புப் பொருள்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவற்றுள் சில மனிதன் புதிதாகப் படைத்தவையும் அல்ல. 1806ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் புரூஸ்ட், ஒருவகை மரத்தின் பட்டையிலிருந்து வடிந்து உறையும் ‘மானா’ என்ற இனிப்புச் சாற்றிலிருந்து மானிடாலைப் பிரித்தெடுத்தார். 1872இல் பூசிங்கோ என்ற பிரெஞ்சு அறிஞர், ஐரோப்பிய மலைப்பகுதிகளில் வளரும் ரோவன் மரத்தின் பழத்தில் சார்பிடாலைக் கண்டார். ஆப்பிள், பேரி, பிளம் ஆகிய பழங்களில் சார்பிடால் இயற்கையாகவே உண்டு. காளானிலும் கடற்பாசியிலும் மானிடால் இருக்கிறது.

மாவிலிருந்து இனிப்பு வரை

பழத்திலிருந்து பிரித்தெடுத்து வாணிகம் செய்தல் கட்டுபடியாகாது. எனவே, தொழிற்சாலைகளில் சார்பிடாலை மாவுச்சத்திலிருந்து தயாரிக்கின்றனர். நெசவாள அங்கத்தினர்களுக்கு இதன் முதற்படி புதிதன்று. பாவு நூலுக்கு நாம் போடும் கஞ்சி மாவுச்சத்தேயாகும். துணியைச் சாயமிடுவதற்கு முன் அக்கஞ்சியை நீக்க, பதனிடும் ஆலைகளில் அமிலேஸ் என்னும் நொதியை உபயோகிக்கின்றனர். அந்நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டிச் சிறு துண்டுகளாக்கிவிடுகிறது. அவை நீரில் கரைந்து போய்விடுகின்றன. மக்காச்சோள மாவையோ மரவள்ளி மாவையோ இத்தகைய நொதிகளைக் கொண்டு இறுதிவரை வெட்டினால் கிடைப்பது குளுக்கோஸ் என்னும் சர்க்கரை.

அடுத்த படியில், குளுக்கோஸ் கரைசலை இரும்புக் கலத்திலிட்டு, மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துகின்றனர். நிக்கல் உலோகத்தூள் அவ்வினையை விரைவுபடுத்துகிறது. குளுக்கோஸ் மூலக்கூற்றின் ஒரு முனையில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தவுடன் அது சார்பிடால் ஆகிறது. இச்சிறு மாற்றமே அதன் குணங்கள் அனைத்தையும் மாற்றிவிடுகிறது.

பிற பொருள்களும் ஏறக்குறைய இவ்வழியிலேயே பிறக்கின்றன. மால்டோஸ் என்ற மாவுச்சர்க்கரையிலிருந்து மால்டிடாலும், பால் சர்க்கரையிலிருந்து லாக்டிடாலும் கிடைக்கின்றன. ஐசோமால்ட் என்பது நாம் அன்றாடம் உண்ணும் சர்க்கரையையே மூலப்பொருளாகக் கொண்டது. சைலிடாலுக்கு மூலப்பொருள் மரச்சக்கையும், மணி உதிர்த்த மக்காச்சோளத் தக்கையுமாகும். எரித்ரிடால் மட்டும் வேறு வழியில் வருகிறது: குளுக்கோஸ் கரைசலில் ஒருவகை ஈஸ்ட்டை வளர்த்து, நொதிக்கவைத்து அதனை எடுக்கின்றனர்.

பெட்டியின் மேல் காணும் ஏழு பெயர்கள்

பெட்டியில் இப்பெயர்கள் எப்போதும் விளக்கமாக அச்சிடப்படுவதில்லை. சில வேளைகளில் எண் மட்டுமே இருக்கும். ஆகவே, எண்களை மனத்தில் பதித்துக்கொள்ளுதல் நலம். சர்க்கரையின் இனிப்பை 100 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் இனிப்பையும், ஒரு கிராம் உண்பதனால் உடலுக்குக் கிடைக்கும் கலோரியையும் கீழே தருகிறோம். சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும். அளவுகள் தோராயமானவை.

சார்பிடால் – எண் 420 – இனிப்பு 60 – கலோரி 2.6
மானிடால் – எண் 421 – இனிப்பு 50 முதல் 70 – கலோரி 1.6
ஐசோமால்ட் – எண் 953 – இனிப்பு 45 முதல் 65 – கலோரி 2
மால்டிடால் – எண் 965 – இனிப்பு 90 வரை – கலோரி 2.1
லாக்டிடால் – எண் 966 – இனிப்பு 30 முதல் 40 – கலோரி 2
சைலிடால் – எண் 967 – இனிப்பு 100 – கலோரி 2.4
எரித்ரிடால் – எண் 968 – இனிப்பு 60 முதல் 80 – கலோரி 0.2

இப்பட்டியலிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். எரித்ரிடால் நீங்கலாக மற்றவை யாவும் கணிசமான கலோரியைத் தருகின்றன என்பது ஒன்று. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் அவற்றின் குணம் ஒன்றுபோல் இல்லை என்பது மற்றொன்று.

உடலினுள் நிகழ்வது

நாம் உண்ணும் சர்க்கரை சிறுகுடலில் விரைவாகச் செரித்து இரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை ஆல்கஹால்களையோ சிறுகுடல் மெல்லவும் குறைவாகவுமே ஏற்றுக்கொள்கிறது. ஆகையால் இரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரென்று உயர்வதில்லை. ஆயினும் அளவில் வேற்றுமை உண்டு. எரித்ரிடால் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதே இல்லை என்னலாம்; அது இரத்தத்தில் கலந்தபோதிலும் பெரும்பகுதி மாறுதலின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. மால்டிடால், சர்க்கரையைவிடக் குறைவாகவேனும், இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும். இனிப்புப் பண்டம் செய்வோர் மால்டிடாலைப் பெரிதும் விரும்புவர். சுவையிலும் பதத்திலும் அது சர்க்கரையை ஒத்திருப்பதே காரணம்.

சிறுகுடல் ஏற்காத பகுதி பெருங்குடலுக்குச் செல்கிறது. அங்கு அது நீரைத் தன்பால் ஈர்க்கும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். வயிற்றுப் பொருமல், இரைச்சல், கழிச்சல் ஆகியவை இதன் விளைவு. சார்பிடாலை நாளொன்றுக்கு 10 கிராம் உண்டாலே சிலருக்கு வயிறு உப்பும்; 20 கிராமுக்கு மேல் சென்றால் பலருக்குக் கழிச்சல் உண்டாகும். குழந்தைகளுக்கு இதனினும் குறைந்த அளவே போதும்.

இதைச் சிறு உபாதை என்று ஒதுக்கிவிடலாகாது. 2008ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஜெர்மானிய மருத்துவர்கள் இரு நோயாளிகளைப் பற்றி எழுதினர. மாதக் கணக்கில் நீங்காத கழிச்சலாலும் உடல் மெலிவாலும் வாடிய அவர்களுள் ஒருவர் 11 கிலோவும், மற்றவர் 22 கிலோவும் எடை குறைந்திருந்தனர். எத்தனையோ சோதனைகள் செய்தும் காரணம் புலப்படவில்லை. இறுதியில் அவர்களுடைய உணவுப் பழக்கத்தை விசாரித்தபோது, இருவரும் சர்க்கரையில்லாத சூயிங்கம்மை மிகுதியாக மென்று, அவருள் ஒருவர் அத்துடன் இனிப்புகளையும் உண்டு, அவற்றின் வாயிலாகத் தினமும் சுமார் 20 முதல் 30 கிராம் வரை சார்பிடாலை உட்கொண்டது தெரியவந்தது. அதை நிறுத்தியதும் கழிச்சல் நின்றது, உடலும் தேறியது. தீங்கற்ற பொருளும் அளவு மீறினால் என் செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நற்பயன்கள்

இவற்றின் நன்மைகளையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குவதால் பல் சொத்தையாகிறது. அந்நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரை ஆல்கஹால்கள் ஏற்ற உணவல்ல. பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரத்தில் 1970களில் ஷைனின், மாக்கினன் என்ற அறிஞர்கள் நடத்திய ஆராய்ச்சியில், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிடாலை உபயோகித்தவர்களுக்குப் பற்சொத்தை மிகக் குறைவாக இருக்கக் கண்டனர். உணவுக்குப் பின் மெல்லும் சூயிங்கம்மில் சைலிடால் இடம்பெற்றது இதன் பயனே.

சார்பிடால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. பற்பசை காய்ந்து இறுகாமல் இருப்பதற்கும், கேக் முதலியவை மிருதுவாக இருப்பதற்கும் அதைச் சேர்க்கின்றனர். வைட்டமின் சி தயாரிக்கும் தொழிலில் சார்பிடால் ஓர் இடைப்பொருள். மானிடால் ஈரத்தை இழுக்காது. ஆகவே மாத்திரைகளிலும், சூயிங்கம்மின் மேல் தூவும் மாவிலும் அது பயன்படுகிறது. மூளை வீக்கத்தைத் தணிக்க மருத்துவர்கள் அதனை நரம்பூசி வழியாகவும் செலுத்துகின்றனர். ஐசோமால்ட் கெட்டி மிட்டாய்களுக்கு ஏற்றது. லாக்டிடாலை மலச்சிக்கலுக்கு மருந்தாகவே தருகின்றனர்.

சமையலறையில் இவற்றைக் கையாளும் சகோதரிகள் சில குணங்களை அறிந்திருத்தல் வேண்டும். சர்க்கரை சேர்ந்த மாவு அடுப்பில் பொன்னிறமாகச் சிவப்பதுபோல் இவற்றைச் சேர்த்த மாவு சிவக்காது. நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் பண்டம் கருகிவிடும். எரித்ரிடாலைப் பாகாக்கி ஆறவைத்தால் மீண்டும் மணிமணியாக உறைந்து நறநறக்கும். எரித்ரிடாலும் சைலிடாலும் நாவில் குளிர்ச்சியைத் தரும். மிட்டாயில் அது இன்பம், லட்டுவில் அது பொருந்தாச் சுவை.

ஒரு கணக்கு

கூட்டுறவாளர்களாகிய நாம் எதையும் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கமுடையவர்கள். 40 கிராம் எடையுள்ள ஒரு லட்டுவை எடுத்துக்கொள்வோம். அதில் சர்க்கரை 20 கிராம், கடலை மாவு 12 கிராம், நெய் 8 கிராம் என்று கொள்வோம். சர்க்கரையினால் 80 கலோரி, கடலை மாவினால் சுமார் 45, நெய்யினால் 72. ஆக மொத்தம் 197 கலோரி.

இனி, சர்க்கரையை முழுவதும் நீக்கி, அதே எடையுள்ள மால்டிடாலைச் சேர்ப்போம். அதனால் வருவது 42 கலோரி. மாவும் நெய்யும் முன்போலவே இருக்கின்றன. மொத்தம் 159 கலோரி. குறைந்தது 38 கலோரி மட்டுமே. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ‘இது சர்க்கரை இல்லாதது’ என்ற துணிவில் அங்கத்தினர் ஒன்றுக்கு இரண்டாக உண்பாராயின், 318 கலோரி உடலில் சேர்கிறது. சர்க்கரை லட்டு ஒன்றை உண்டு எழுந்திருந்தால் 197உடன் முடிந்திருக்கும். மேலும், கடலை மாவிலுள்ள மாவுச்சத்தும் செரித்துக் குளுக்கோஸாகவே மாறும். இரண்டு லட்டுகளில் 40 கிராம் மால்டிடால் உட்செல்வதால், வயிறும் அன்றே முறையிடும்.

எரித்ரிடால் சேர்ப்பின் கலோரி இன்னும் குறையும் என்பது மெய்யே. ஆயினும் மாவும் நெய்யும் அங்கும் உள்ளனவே. பால்கோவாவில் சர்க்கரை சேர்க்காவிட்டாலும் பாலுக்குரிய சர்க்கரை இருக்கிறது என்பதையும் மறத்தலாகாது.

கவனிக்கவேண்டிய எச்சரிக்கைகள்

முதலாவது, உயிர் காக்கும் செய்தி. இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், சிலவகை நீரிழிவு மாத்திரைகளை உண்போருக்கும் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடுவதுண்டு. நடுக்கம், வியர்வை, படபடப்பு, மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவ்வேளையில் சர்க்கரையில்லா மிட்டாயைக் கொடுப்பதனால் பயனில்லை. பொன்னான நிமிடங்கள் வீணாகும். நினைவுடன் இருப்பவருக்குக் குளுக்கோஸையோ சாதாரணச் சர்க்கரையையோ நீரில் கரைத்து உடனே கொடுத்தல் வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊட்டாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். நீரிழிவு நோயாளர் உள்ள வீட்டில், எல்லாப் பண்டமும் சர்க்கரையற்றதாய் மாறிவிட்டாலும், ஒரு பிடி சர்க்கரை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது அவசியம்.

இரண்டாவது, வீட்டையும் வயலையும் காக்கும் நாய்களைப் பற்றியது. மனிதருக்குத் தீங்கு செய்யாத சைலிடால் நாய்க்கு நஞ்சு. சிறிதளவு உண்டாலும் நாயின் உடலில் இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, இரத்தச் சர்க்கரை வீழ்ந்துவிடும், ஈரலும் பழுதடையும். சைலிடால் கலந்த மிட்டாயையும் சூயிங்கம்மையும் நாய்க்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, இதய நோய் பற்றியது. இரத்தத்தில் எரித்ரிடால் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதியாக ஏற்பட்டதாக 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவ நிலையத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2024இல் சைலிடாலைப் பற்றியும் அவ்வாறே தெரிவித்தனர். எரித்ரிடாலை நமது உடலே சிறிதளவு உண்டாக்குகிறது. ஆதலால், நோய்க்கு அது காரணமா, அன்றி உடலில் முன்பே உள்ள கேட்டின் அடையாளமா என்பது இவ்வாய்வுகளால் முடிவாகவில்லை. இதய நோயுள்ளவர்கள் தம் மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் இவற்றை அன்றாட உணவாக்கிக்கொள்ளாதிருத்தல் அறிவுடைமை.

உழவருக்கு ஒரு சொல்

மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடும் அங்கத்தினர்கள், ‘நாமே இதைத் தயாரித்து விற்கலாகாதா?’ என்று எண்ணுவது இயல்பு. தமிழ்நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்திற்குச் செல்கிறது. சேலம் வட்டாரத்து மரவள்ளி, ஸ்டார்ச்சாகவும் ஜவ்வரிசியாகவும் மாறுகிறது. தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் மரவள்ளி மாவிலிருந்து சார்பிடால் எடுக்கின்றனர். எனவே மூலப்பொருள் நம்மிடம் உண்டு. ஆனால் ஹைட்ரஜன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் கையாளும் தொழில் குடிசையில் நடத்தக்கூடியதன்று. பெரும் முதலும் தேர்ந்த பொறியாளர்களும் வேண்டும். உழவர் சங்கங்கள் செய்யக்கூடியது, ஈரமும் கலப்பும் இல்லாத தரமான மணியையும் கிழங்கையும் ஒன்றுதிரட்டி, மாவாலைகளுக்கு மொத்தமாக விலை பேசி விற்பதாகும். ‘இனிப்பு ஆலை வரப்போகிறது’ என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பயிரை மாற்றுதல் வேண்டா.

சங்கத்தின் கடமை

1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் பலர் உள்ளிட்ட 28 தொழிலாளர் திறந்த கடையில், முதன்முதல் விற்பனைக்கு வைத்த சில பொருள்களில் சர்க்கரையும் ஒன்று. கலப்படமற்ற பொருளைச் சரியான எடையில் தருவோம் என்பதே அவர்கள் ஊராருக்கு அளித்த உறுதி. அக்காலத்தில் கலப்படம் மாவிலும் சர்க்கரையிலும் நடந்தது. இக்காலத்தில் பொருள் தூயதாயிருந்தும், பெட்டியின் மேலுள்ள பெரிய எழுத்து ஒன்றைச் சொல்ல, பின்புறத்துச் சிறிய எழுத்து வேறொன்றைச் சொல்வதுண்டு. அச்சிறிய எழுத்தை அங்கத்தினருக்குப் படித்துக் காட்டுவது கூட்டுறவுக் கடையின் கடமையாகும்.

சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. 100 கிராம் பண்டத்தில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பின் அதனைச் ‘சர்க்கரை இல்லாதது’ என்று கூறலாகாது. பாலியால்கள் நூற்றுக்குப் பத்துப் பங்கோ அதற்கு மேலோ இருப்பின், அவை கழிச்சலை உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கையைப் பெட்டியில் அச்சிடவேண்டும். சேர்க்கப்பட்ட பொருள்களை, எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்திக் காட்டவேண்டும். இவை நமது நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள்.

ஆகவே, இத்தகைய பண்டங்களைக் கொள்முதல் செய்யும் சங்கங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். கொள்முதல் குழு, ஆர்டர் கொடுப்பதற்கு முன் பெட்டியின் பின்புறத்தைப் படித்து, எச்சரிக்கையும் எண்களும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். மேலே கண்ட ஏழு பெயர்களையும் எண்களையும் ஓர் அட்டையில் எழுதி விற்பனை மேடையருகே தொங்கவிடவேண்டும். விற்பனையாளர், “சர்க்கரைக்குப் பதில் வேறொன்று சேர்ந்திருக்கிறது, மாவும் நெய்யும் உள்ளன, ஒன்றோடு நிறுத்துங்கள், மருத்துவரையும் கேளுங்கள்” என்று நான்கு சொற்களில் கூறப் பழகவேண்டும். அவ்வாறு கூறுவதனால் விற்பனை சிறிது குறைந்தாலும், சங்கத்தின்மீது அங்கத்தினர் வைத்துள்ள நம்பிக்கை குறையாது. நம்பிக்கையே சங்கத்தின் முதல். அதற்கு வட்டியும் உண்டு.

பயிற்சி வினாக்கள்

அங்கத்தினர் வகுப்புகளில் கலந்துரையாடுவதற்காகச் சில வினாக்களைத் தருகிறோம்.

1. சர்க்கரை ஆல்கஹால்கள் போதை தருமா? காரணம் கூறுக.
2. எண் 965 என்று அச்சிட்ட பண்டத்தில் உள்ள இனிப்புப் பொருள் யாது? அது இரத்தச் சர்க்கரையை உயர்த்துமா?
3. உங்கள் பண்டகசாலையில் விற்கும் சர்க்கரையில்லா இனிப்பு ஒன்றை எடுத்து, நாம் லட்டுவுக்குச் செய்ததுபோல் கணக்கிட்டுக் காட்டுக.
4. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் வியர்த்து நடுங்கினால் என்ன கொடுக்கவேண்டும்? எதைக் கொடுத்தல் பயனற்றது?
5. விற்பனை மேடையருகே தொங்கவிடவேண்டிய அட்டையை உங்கள் சங்கத்திற்காக எழுதி, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்க.